இடைப்பிறந்த இசைத்தட்டு

ஒரு புலவர் இயற்றிய நூல்கள் பலவாக இருக்குமிடத்து, அவருடைய முதல் நூலையும் தலைசிறந்த நூலையும் உலகம் நினைவில் வைத்துப் போற்றுவதும், அவ்விரண்டிற்கும் இடையே தோன்றியதனை மறந்துவிடுவதும் இயல்பு. முதல் நூலுக்குப் புதுமை என்னும் பெருமை உண்டு. சிறந்த நூலுக்கு நிறைவு என்னும் பெருமை உண்டு. இடையே பிறந்ததற்கோ இவ்விரண்டனுள் ஒன்றும் இல்லை. மூத்த பிள்ளைக்கும் கடைக்குட்டிக்கும் நடுவே பிறந்த குழந்தையைப் போல, வீட்டில் இருந்தும் அது கவனிப்பாரற்று வளர்கின்றது. ஆயினும், அப்புலவர் முதல் நூலினின்றும் சிறந்த நூலுக்கு எவ்வழியாக நடந்து சென்றார் என அறிய விரும்புவோர், அவ்விடைநூலையே எடுத்துப் பார்த்தல் வேண்டும். இஃது இலக்கியத்திற்கேயன்றி இசைக்கும் பொருந்தும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, இங்கிலாந்து தேசத்துக் கிளாஷ் என்னும் இசைக்குழுவினர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாம் இசைத்தட்டினை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

இக்குழுவினர் பாடியது பங்க் என்னும் இசை. நம்முள் பலர்க்கு இது பழக்கமற்றதாதலின், முதற்கண் அதன் இயல்பைச் சுருங்கக் கூறுதல் கடனாகும். பங்க் என்னும் ஆங்கிலச் சொல், உதவாக்கரை, போக்கிரி என்னும் பொருள்படும் வசைமொழி. அவ்வசையையே பெயராகச் சூடிக்கொண்ட இவ்விசை, நியூயார்க் நகரில் முளைத்து, 1976-ஆம் ஆண்டளவில் லண்டன் மாநகரில் தழைத்தது. அக்காலத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 10 லட்சத்தைக் கடந்திருந்தது. பள்ளியை விட்டு வெளியேறிய இளைஞர்க்குத் தொழிலும் இல்லை, நாளையைப் பற்றிய நம்பிக்கையும் இல்லை. அவர் கேட்டு வந்த ராக் என்னும் இசையோ, நெடும்பாட்டுகளும் விலையுயர்ந்த கருவிகளும் வித்தைகளும் மலிந்து, செல்வர் மாளிகைப் பொருளாக மாறியிருந்தது. அதனை வெறுத்த இளைஞர், கிட்டாரில் மூன்று கூட்டுச்சுரங்களைக் கற்ற அளவிலேயே மேடை ஏறினர். பாட்டு இரண்டு மூன்று நிமிஷங்களில் முடிந்துவிடும், வேகம் மிகும், குரல் கரகரக்கும், சொல் சுடும். அழகாகப் பாடுதல் அவர் நோக்கமன்று. உள்ளதை உரக்கச் சொல்லுதலே நோக்கம்.

இவ்வகைக் குழுக்களுள் கிளாஷ் குழு முதன்மையானவற்றுள் ஒன்று. அஃது 1976-ஆம் ஆண்டில் லண்டனில் அமைந்தது. ஜோ ஸ்ட்ரம்மர் என்பவர் பாடல்களைப் பெரும்பாலும் எழுதிப் பாடினார். இவர் 1952-ஆம் ஆண்டில் துருக்கி நாட்டு அங்காரா நகரில், பிரிட்டிஷ் அயல்நாட்டுப் பணியில் இருந்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். 2002-ஆம் ஆண்டில் காலமானார். மிக் ஜோன்ஸ் என்பவர் கிட்டார் வாசித்து இசையமைத்தார். பால் ஸிமனன் என்பவர் பேஸ் கிட்டார் வாசித்தார். குழுவில் சேர்ந்த பின்னரே இவர் அக்கருவியைக் கற்றார் என்பதும், சுரங்கள் இருக்கும் இடம் தெரிவதற்காக அதன் கழுத்தில் குறிகள் தீட்டிவைத்திருந்தார் என்பதும் பங்க் இசையின் மனப்பான்மையை நன்கு விளக்கும். முதல் இசைத்தட்டு 1977-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்தது. வேலையின்மை, சலிப்பு, காவலரின் கெடுபிடி, அமெரிக்க நாகரிகத்தின் மோகம் ஆகியவற்றைச் சாடிய அத்தட்டு, இன்றளவும் பங்க் இசையின் மூல நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. மூன்றாவது தட்டாகிய லண்டன் காலிங் 1979-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்தது. அமெரிக்காவில் அது 1980-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்தமையால், ரோலிங் ஸ்டோன் என்னும் பத்திரிகை 1989-ஆம் ஆண்டில் அதனை அப்பத்தாண்டின் தலைசிறந்த இசைத்தட்டு எனத் தேர்ந்தெடுத்தது. இவ்விரு மலைகளுக்கும் நடுவே பள்ளத்தாக்குப் போலக் கிடப்பதே நாம் ஆராயப் புகுந்த இரண்டாம் தட்டு.

அதன் பெயர் ‘கிவ் எம் இனஃப் ரோப்’ என்பது. ‘அவர்க்குப் போதிய கயிறு கொடு’ என்பது இதன் பொருள். ஒருவனுக்கு வேண்டிய அளவு கயிற்றைக் கொடுத்துவிட்டால், அவனே தன் கழுத்தில் சுருக்கிட்டுக்கொள்வான் என்பது ஆங்கிலேயர் வழங்கும் பழமொழி. இத்தட்டு 1978-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10-ஆம் தேதி வெளிவந்தது. பாடல்கள் 10. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடத்தைப் பெற்றது. முதல் தட்டு 12-ஆம் இடத்தையே பெற்றிருந்தது. ஆகவே, இதனை வாங்குவார் இல்லாமற் போகவில்லை. வாங்கியோர் பலராயிருந்தும், பின்னாளில் மதித்துப் பேசியோர் சிலராயினர் என்பதே வியப்பு.

இதற்குக் காரணம் யாது? தட்டு உருவான வரலாற்றில் அது விளங்கும். குழுவினர் ஸி.பி.எஸ். என்னும் பெரிய கம்பெனியாரோடு 1977-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தனர். அக்கம்பெனியின் அமெரிக்கக் கிளையார், முதல் தட்டின் ஒலி கரடுமுரடானது எனக் கருதி, அதனைத் தம் நாட்டில் வெளியிட மறுத்தனர். இரண்டாம் தட்டாவது அமெரிக்கச் செவிக்கு ஏற்றதாக அமைய வேண்டும் என்னும் விருப்பத்தால், ஸாண்டி பேர்ல்மன் என்னும் அமெரிக்கர் தயாரிப்பாளராக அமர்த்தப்பெற்றார். இவர், ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் என்னும், பங்க் இளைஞர் வெறுத்த கனத்த ராக் இசைக்குழுவை வளர்த்தவர். முதல் தட்டு சில வார இறுதிகளிலேயே பதிவாகிவிட்டது. இரண்டாம் தட்டோ லண்டனில் தொடங்கி, ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் தொடர்ந்து, பல மாதங்கள் சென்றே முடிவுற்றது. ‘எளியவராய் இருந்தோர் இப்பொழுது கம்பெனிக்காரர் சொற்படி ஆடுகின்றனர்’ என அன்பர் பலர் முகம் சுளித்தனர். இத்தனை செய்தும், அமெரிக்கப் பட்டியலில் தட்டு 128-ஆம் இடத்திற்கு மேல் ஏறவில்லை. எவருக்காக மெருகிட்டனரோ அவர் வாங்கவில்லை. எவர் வாங்கினரோ அவர் மெருகை விரும்பவில்லை.

இத்தட்டின்மேல் சாற்றப்பெறும் குற்றங்களை இரண்டாக அடக்கலாம். ஒலி மிகக் கனத்து, மெருகேறி, பங்க் இசையின் உயிரைக் கெடுத்தது என்பது ஒன்று. துப்பாக்கி, கும்பல், சண்டை என்று தம்மைத் தாமே வீரராகப் பாராட்டிக்கொள்ளும் பாடல்களே நிறைந்துள்ளன என்பது மற்றொன்று. குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே நாடி, மிகுந்தது எதுவோ அதனைக் கொண்டு ஒன்றை மதிக்க வேண்டும் என்பது திருவள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறிப்படியே ஆராய்வோம்.

முதலில் பொருளை நோக்குவோம். முதல் தட்டின் பாடல்களில் சுட்டுவிரல் பெரும்பாலும் பிறரை நோக்கியே நீண்டிருந்தது. அரசு தவறியது, முதலாளி தவறினார், காவலர் தவறினார் என்பதே அவற்றின் பேச்சு. இரண்டாம் தட்டிலோ அவ்விரல் மெல்ல வளைந்து பாடுவோரை நோக்கித் திரும்புகின்றது. இதுவே இத்தட்டின் உயிர்நிலை என்பது என் துணிபு.

முதற்பாடலாகிய ‘ஸேஃப் யூரோப்பியன் ஹோம்’ என்பதனைக் காண்க. ‘அச்சமற்ற ஐரோப்பிய இல்லம்’ என்பது இதன் பொருள். ஜமைக்காத் தீவின் ரெகே இசையில் இக்குழுவினர்க்கு அளவற்ற ஈடுபாடு இருந்தது. லண்டனில் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் அவ்விசை ஒலித்தது; அவர் துன்பத்தைத் தம் துன்பமாகவே இவர் எண்ணினர். 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்க்கும் காவலர்க்கும் மூண்ட கலகத்தைக் கண்டு, வெள்ளை இளைஞரும் அங்ஙனம் துணிந்தெழ வேண்டும் எனத் தம் முதற்பாடல்களுள் ஒன்றாகிய ‘வைட் ரயட்’ என்பதில் முழங்கினர். பின்னர் 1977-ஆம் ஆண்டின் இறுதியில், புதிய பாடல்கள் புனைவதற்காக ஸ்ட்ரம்மரும் ஜோன்ஸும் ஜமைக்காவின் தலைநகராகிய கிங்ஸ்டனுக்கே சென்றனர். அரசியற் கட்சிகளின் பூசலால் அந்நகரில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே இவரை இசைத்தோழர் என வரவேற்பார் இல்லை. காசுள்ள இரண்டு வெள்ளைக்காரர் என்றே மக்கள் கண்டனர். அஞ்சி, பெரும்பாலும் விடுதிக்குள்ளேயே அடைந்து கிடந்து மீண்டனர்.

தற்பெருமை விரும்பும் கலைஞராயின் இதனை மறைத்துவிட்டு, ‘யாமும் கிங்ஸ்டன் கண்டோம்’ என்று மார்தட்டியிருப்பர். இவரோ தம் அச்சத்தையும் ஓட்டத்தையும் நகைப்பிற்குரிய பொருளாக்கி, தட்டின் வாயிலிலேயே நிறுத்தினர். கறுப்பின மக்களின் துணிவைப் புகழ்ந்து பாடிய அதே வாய், அவர் தெருவில் நடக்க அஞ்சித் தன் வீட்டின் பாதுகாப்பைத் தேடியது என்று தானே சொல்லிக்கொள்கின்றது. பிறர் துயரத்தின்பால் நாம் கொள்ளும் அன்பு, தொலைவில் இருக்கும்வரை எளிதாக இருத்தலையும், நெருங்கிய பொழுது நம் நிலை வெளிப்படுதலையும் இதனினும் நேர்மையாகக் கூறிய பங்க் பாடல் வேறொன்று உளதோ எனின், எளிதிற் காட்டல் அரிது. இத்தட்டில் முழுவதும் ரெகே முறையில் அமைந்த பாடல் ஒன்றும் இல்லை என்பதும் நோக்கத்தக்கது. முதல் தட்டில் ஜமைக்காப் பாடல் ஒன்றைத் துணிந்து எடுத்துப் பாடியவர், அந்நாட்டைக் கண்ணாற் கண்டபின் சிறிது அடங்கினர் போலும்.

அடுத்து வருவது ‘இங்கிலிஷ் ஸிவில் வார்’, அதாவது ஆங்கிலேயர் உள்நாட்டுப் போர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863-ஆம் ஆண்டில் வெளியான, வீரன் வெற்றியோடு வீடு திரும்புவதைக் கொண்டாடும் பாடலின் மெட்டிலே இது அமைந்தது. மெட்டு பழையது, பொருள் தலைகீழானது. நிறவெறியைக் கொள்கையாகக் கொண்ட நேஷனல் பிரண்ட் என்னும் கட்சி, 1977-ஆம் ஆண்டு லண்டன் மாநகரத் தேர்தலில் 1 லட்சத்திற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றிருந்தது. ஆதலின், இப்பாடலில் வீடு திரும்பும் வீரனைக் கண்டு மகிழ்வதற்கு இடமில்லை. சீருடை அணிந்த கொடுமை நம் தெருவுக்கே வந்து சேரும் என்பது எச்சரிக்கை. பகை அயல்நாட்டிலன்று, அண்டை வீட்டிலேயே வளரும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிந்த மெட்டால் உணர்த்தியது நல்ல உத்தி.

மூன்றாவதாக ‘டாமி கன்’ என்னும் பாடல். இதுவே துப்பாக்கியைப் புகழ்கின்றது எனக் குற்றம் சாற்றப்பெறுவது. உண்மை அதற்கு மாறானது. அக்காலத்தில் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அரசியற் கொலைகள் மலிந்திருந்தன. இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோ 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில் செம்படைக் குழுவினராற் கொல்லப்பட்டார். அதற்குச் சில நாட்களுக்கு முன், ஏப்ரல் 30-ஆம் தேதி, நிறவெறியை எதிர்த்து லண்டன் விக்டோரியாப் பூங்காவில் நடைபெற்ற பெருங்கூட்டத்தில், ஸ்ட்ரம்மர் அச்செம்படையின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து பாடியிருந்தார். பலர் அதனைக் கண்டித்தனர். ஆயினும் ‘டாமி கன்’ பாடல் கொலைஞனைத் தொழவில்லை. தன் செயலைப் பற்றிப் பத்திரிகைகள் யாது எழுதின என்று ஆவலோடு பார்க்கும் புகழ்வேட்கையனாகவே அவனைக் காட்டுகின்றது. மேடையில் நிற்கும் பாடகனும் மறுநாட் பத்திரிகையில் தன் பெயரைத் தேடுபவன்தானே? ஆகவே, அச்சட்டையை அணிந்த மனிதரே அச்சட்டையின் கவர்ச்சியை ஐயுறும் பாடலையும் எழுதினார் எனல் பொருந்தும். கவர்ச்சியும் ஐயமும் ஓர் உள்ளத்திலேயே போராடுதலை இத்தட்டு மறைக்கவில்லை.

‘லாஸ்ட் கேங் இன் டவுன்’ என்னும் பாடல், உடையாலும் தலைமயிராலும் இசையாலும் பிரிந்து தெருவில் அடித்துக்கொண்ட இளைஞர் கூட்டங்களை எள்ளுகின்றது. 1977-ஆம் ஆண்டில் பங்க் இளைஞரும், டெடி பாய்ஸ் எனப்படும் பழைய ராக் இசை அன்பரும் லண்டன் தெருக்களில் மோதிக்கொண்டமை வரலாறு. ஒரே வறுமையில் உழல்வோர், சட்டைக்காகச் சண்டையிடுவது எத்துணை அறியாமை! இறுதிப் பாடலாகிய ‘ஆல் தி யங் பங்க்ஸ்’ என்பது, நண்பர் கூடிய கதையில் தொடங்கிக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் வந்து நிற்கின்றது. புதுப் பாதணிகளும் ஒப்பந்தங்களும் என்பது அதன் துணைத்தலைப்பு. தாம் விலைபோயினர் எனப் பிறர் தூற்றுமுன் தாமே அக்கேள்வியை எழுப்பிக்கொண்டது இப்பாடல்.

இவற்றின் நடுவே ஜோன்ஸ் பாடும் ‘ஸ்டே ஃப்ரீ’ என்பது தனித்து நிற்கின்றது. பள்ளியிற் பழகிய நண்பன் ஒருவன் திருட்டுக் குற்றத்திற்காகச் சிறை சென்று மீள்கின்றான். இனியேனும் வெளியே இரு என்று தோழன் அவனுக்குச் சொல்லுகின்றான். அவ்வளவே செய்தி. அறிவுரை இல்லை, அழுகை இல்லை. உரக்கக் கத்துவதே இலக்கணமாகக் கொண்ட ஓர் இசையில், ஓர் ஆண்மகன் தன் தோழன்மேல் கொண்ட அன்பைத் தாழ்ந்த குரலிற் பாடியது சிறிய துணிவன்று. இப்பாடல் ஒன்றற்காகவே இத்தட்டினைக் காத்து வைக்கலாம்.

இனி ஒலியைப் பற்றிய குற்றத்தை நோக்குவோம். ஒலி கனத்தது என்பது உண்மை. பேர்ல்மனுக்கு ஸ்ட்ரம்மரின் குரல் பிடிக்கவில்லை என்றும், அதனாலேயே பாட்டை அடக்கி டிரம் ஒலியை உயர்த்தினார் என்றும் கூறுவர். காரணம் எதுவாயினும், சொற்கள் பல இடங்களிற் புதைந்துபோயின. சொல்லே உயிராகிய பாடலில் இது குறையே. ஆனால் அதே செயலால் விளைந்த நன்மை ஒன்றும் உண்டு. டாப்பர் ஹெடன் என்னும் டிரம் கலைஞரின் திறமை முதன்முதலாக உலகிற்குத் தெளிவாகக் கேட்டது. அவர் முதல் தட்டு வெளிவந்த பின்னரே குழுவிற் சேர்ந்தவர். முழுத்தட்டு ஒன்றில் அவர் வாசித்தது இதுவே முதன்முறை. அவர் கையின் ஒழுங்கைக் கண்ட பேர்ல்மன், அவரை மனித உருவில் அமைந்த டிரம் இயந்திரம் எனப் புகழ்ந்ததாகச் சொல்லுவர். ‘டாமி கன்’ பாடலின் தொடக்கத்தில் துப்பாக்கி வெடிப்பது போன்று ஒலிப்பது வேறொன்றுமன்று, அவருடைய டிரம்மே. ஈண்டுத் தாளம் பொருளையே பேசுகின்றது. நம் முன்னோர் வல்லோசை மெல்லோசைகளால் பாட்டின் சுவையைக் காட்டிய முறையை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

லண்டன் காலிங் தட்டில் ரெகே, ஜாஸ், பழைய ராக் முதலிய பலவகை இசைகளைக் குழுவினர் எளிதிற் கையாண்டனர். அவ்வாறு கையாளுதற்கு எந்நடைக்கும் ஈடுகொடுக்கும் தாளக்காரர் இன்றியமையாதவர். அவரைக் குழுவின் முதுகெலும்பாக நாம் முதலிற் காண்பது இரண்டாம் தட்டிலேயாம். 1982-ஆம் ஆண்டில் பெரும்புகழ் பெற்ற ‘ராக் தி காஸ்பா’ என்னும் பாடலின் இசையை அமைத்தவரும் ஹெடனே என்பதை நினைவிற் கொண்டால், இவ்வரவின் பயன் இன்னும் தெளிவாகும்.

நிற்க. குறைகளையும் மறைத்தல் தகாது. ‘கன்ஸ் ஆன் தி ரூஃப்’ என்னும் பாடல், குழுவைச் சேர்ந்த சிலர் கட்டடத்தின் மேலேறிப் பந்தயப் புறாக்களைக் காற்றுத்துப்பாக்கியாற் சுட்டு, காவலரிடம் பிடிபட்ட சிறு செய்தியினின்றும் எழுந்தது. அதனை உலகக் கொடுங்கோன்மை அளவிற்கு ஊதிப் பெருக்கியது நகைப்பிற்கிடம். புறாவைச் சுட்டவர் வீரராகார். அதன் மெட்டும் அவர்களே முன்பு கையாண்ட ஒன்றினை ஒத்தது. ‘டிரக் ஸ்டாபிங் டைம்’, ‘சீப்ஸ்கேட்ஸ்’ ஆகிய இரண்டும் வேகத்தால் ஓடுகின்றனவேயன்றி நெஞ்சில் நிற்பன அல்ல. எனினும் பத்துப் பாடல்களுள் மூன்று தளர்ந்தன என்பதற்காக, ஏனைய ஏழனையும் தள்ளுதல் நீதியாகுமோ?

இத்தட்டைக் கேட்க விரும்பும் அன்பர்க்கு ஒன்று கூறுவேன். முதலில் பாடல்களின் சொற்களைத் தனியே படித்துப் பொருளறிந்துகொள்ளல் நன்று. பதிவில் அவை தெளிவாகக் கேளாமையால், படியாது கேட்போர் வெறும் ஆரவாரம் என எண்ணுதல் கூடும். பின்னர் முதல் தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு என்னும் முறையில் தொடர்ந்து கேட்க. பிறரைக் குற்றங்கூறும் இளமை, தன்னைத் தானே வினவும் பருவத்தைக் கடந்து, உலகை அகன்ற கண்ணாற் பார்க்கும் முதிர்ச்சியை அடைதல் அப்பொழுது புலனாகும். நடுப்பருவம் அழகற்றது, குரல் உடையும் வயதுப் பையனைப் போல அது தடுமாறும். ஆயினும் அதனைத் தாண்டாது முதிர்ச்சியை அடைந்தார் எவரும் இலர்.

கயிறு என்னும் தலைப்பும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. கம்பெனியார் கொடுத்த பணமும், அயல்நாட்டு ஒலிப்பதிவுக்கூடமும், புகழும் இக்குழுவினர்க்கு வாய்த்த கயிறு. அதிற் சுருக்கிட்டு மாய்வரோ என்பதே 1978-ஆம் ஆண்டில் அன்பர் கொண்ட அச்சம். ஆனால் கயிறு சுருக்கிடுதற்கு மட்டும் பயன்படுவதன்று. கிணற்றில் நீர் முகப்பதற்கும் அதுவே வேண்டும். அவர் அதனைத் தம் உள்ளக் கிணற்றில் இறக்கி, கலங்கலாகவேனும் சிறிது நீர் முகந்தனர். தெளிந்த நீர் அடுத்த ஆண்டில் வந்தது. அதனைப் பருகி மகிழ்வோர், முதலிற் கயிற்றை இறக்கிய கைகளையும் மறவாதிருத்தல் கடன்.